சேலஞ்சருக்குப் பின் வந்த ஓடத்துக்கு யார் பெயர் வைத்தார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு விண்கலம் விபத்தில் அழிகிறது. அதில் போனவர்கள் யாரும் பிழைக்கவில்லை. சில வருடங்களில் அதன் இடத்துக்கு இன்னொரு கலம் கட்டப்படுகிறது. அதற்கு என்ன பெயர் வைப்பது, அதை யார் முடிவு செய்வது? அமெரிக்காவில் சேலஞ்சர் என்ற விண்வெளி ஓடத்துக்கு (விண்ணுக்குப் போய்த் திரும்பி வந்து மறுபடி பறக்கும் கலம்) மாற்றாக என்டெவர் கட்டப்பட்டபோது இந்தக் கேள்விகளுக்கு மூன்று வருடம் நிதானமாக விடை தேடினார்கள். விண்வெளி வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். மற்ற விபத்துகளுக்குப் பிறகு என்ன நடந்தது என்பதும் பிற்பகுதியில் உண்டு.

சேலஞ்சருக்கு என்ன ஆனது?

1986 ஜனவரி 28 அன்று காலை புளோரிடாவிலிருந்து கிளம்பிய சேலஞ்சர், 73 வினாடிகளில் வானத்திலேயே சிதறியது. வலப்பக்கத் திட எரிபொருள் ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் கடுங்குளிரில் இறுகிப்போய், சூடான வாயுவைத் தடுக்க முடியாமல் விட்டதுதான் காரணம். குளிரில் ஏவ வேண்டாம் என்று முந்தைய இரவே அந்த ராக்கெட்டைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள் வாதாடியிருந்தார்கள். அவர்கள் பேச்சு எடுபடவில்லை.

இறந்தவர்கள் ஏழு பேர்: பிரான்சிஸ் ஸ்கோபி, மைக்கேல் ஸ்மித், ரொனால்ட் மெக்நேர், எல்லிசன் ஒனிசுக்கா, ஜூடித் ரெஸ்னிக், கிரெகரி ஜார்விஸ், கிறிஸ்டா மெக்காலிஃப். இவர்களில் மெக்காலிஃப் ஒரு பள்ளி ஆசிரியை. பெயர் வைத்த கதையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

மாற்று ஓடம் கட்டுவது உடனே முடிவாகிவிட்டதா?

இல்லை. மீதி மூன்று ஓடங்களே போதும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். 1986 ஆகஸ்டில் அதிபர் ரீகன் புதிய ஓடம் கட்டப்படும் என்று அறிவித்தார். தனியார் செயற்கைக்கோள்களை ஏவும் வியாபாரத்தை நாசா இனிச் செய்யாது என்பதும் அதே அறிவிப்பில் வந்தது. 1987-இல் ராக்வெல் நிறுவனத்துக்கு ஓடம் கட்டும் வேலை கொடுக்கப்பட்டது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. என்டர்பிரைஸ் என்றொரு ஓடம் ஏற்கெனவே கையில் இருந்தது. விண்வெளிக்குப் போகாமல், காற்றில் மிதந்து தரையிறங்கும் சோதனைகளுக்கு மட்டும் பயன்பட்டது அது. அதையே பிரித்துப் புதுப்பிக்கலாமா என்றும் யோசித்தார்கள். ஆனால் டிஸ்கவரி, அட்லாண்டிஸ் ஓடங்களைக் கட்டும்போதே உதிரியாகச் செய்து வைத்திருந்த பெரிய பாகங்கள் இருந்ததால், புதிதாகக் கட்டுவதே சிக்கனம் என்று முடிவானது. என்டர்பிரைஸைப் புதுப்பித்திருந்தால், பெயர்க் கேள்வியே எழுந்திருக்காது.

சேலஞ்சர் என்ற பெயரையே திரும்ப வைத்திருக்கலாமே? தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதில்லையா?

நம்மவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட. ஆனால் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும்போது, தாத்தா வாழ்ந்து முடித்த வாழ்க்கையும் சேர்ந்துதான் நினைவுக்கு வருகிறது. சேலஞ்சர் என்றதும் 1986-இல் உலகத்துக்கு நினைவு வந்தது புகை இரண்டாகப் பிரிந்த அந்தக் காட்சி மட்டுமே. அதற்கு முன் அது ஒன்பது முறை வெற்றிகரமாகப் போய் வந்திருந்தது. அமெரிக்காவின் முதல் விண்வெளி வீராங்கனை சாலி ரைடு போனதும் அதில்தான். அதையெல்லாம் அந்த 73 வினாடி மூடிவிட்டது.

இன்னொரு காரணமும் எனக்குப் படுகிறது. அதே பெயரில் இன்னொரு ஓடம் ஓடுபாதையில் வந்து இறங்கினால், சேலஞ்சர் திரும்பி வந்துவிட்டது என்று செய்திகள் எழுதும். அந்த ஏழு குடும்பங்களுக்கும் அது எப்படி இருந்திருக்கும்? போனது போனதுதான் என்று ஒப்புக்கொள்வது அவர்களுக்குச் செய்யும் மரியாதை. பெயரை ஓய்வுக்கு அனுப்பியது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

இறந்த ஏழு பேரில் ஒருவர் பெயரை வைத்திருக்கலாமா?

ஒருவர் பெயரை வைத்தால் மற்ற ஆறு பேர் விட்டுப்போவார்கள். தவிர, நாசாவின் ஓடங்களுக்கு மனிதர் பெயர் வைக்கும் வழக்கமே இல்லை. விண்வெளிக்குப் போன ஓடங்களுக்குக் கடலில் ஆய்வுக்குப் போன கப்பல்களின் பெயர்களைத்தான் வைத்தார்கள். சேலஞ்சர் என்பதே 1872 முதல் 1876 வரை உலகப் பெருங்கடல்களை ஆராய்ந்த பிரிட்டிஷ் கப்பலின் பெயர். அட்லாண்டிஸ், மாசசூசெட்ஸின் வுட்ஸ் ஹோல் ஆய்வுக்கூடத்துக்காகப் பல வருடம் உழைத்த பாய்மரக் கப்பல்.

அந்த ஏழு பேருக்கும் பெயர் வேறு இடங்களில் கிடைத்தது. நிலவின் மறுபக்கத்தில் அப்போலோ என்ற பெரும் பள்ளத்துக்குள் ஏழு சிறு பள்ளங்களுக்கு ஏழு பேரின் பெயர்களும் உண்டு. அவர்களுடைய குடும்பத்தினர் சேர்ந்து 1986-லேயே பள்ளிப் பிள்ளைகளுக்கான சேலஞ்சர் அறிவியல் கல்வி மையத்தைத் தொடங்கினார்கள். 2004-இல் செவ்வாயில் ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி இறங்கிய இடத்துக்கும் சேலஞ்சர் நினைவு நிலையம் என்று பெயர் வைத்தார்கள்.

பெயர் வைக்கும் பொறுப்பைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்தது ஏன்?

மெக்காலிஃப் போகவிருந்தது ஆசிரியராகத்தான். 11,000-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் விண்ணப்பித்து, அவர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் கான்கார்டு என்ற ஊரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர். விண்வெளியிலிருந்து அவர் பாடம் நடத்தப்போகிறார் என்பதால், அமெரிக்கா முழுக்கப் பள்ளிகளில் தொலைக்காட்சிப் பெட்டியை வகுப்புக்குக் கொண்டுவந்து வைத்து நேரலையாகக் காட்டினார்கள். பிள்ளைகள் கண் முன்னால்தான் ஓடம் சிதறியது. அன்று மாலை ரீகன், நாடாளுமன்றத்தில் ஆற்ற வேண்டிய ஆண்டு உரையைத் தள்ளிவைத்துவிட்டு நாட்டு மக்களிடம் பேசியபோது, அதைப் பார்த்துக்கொண்டிருந்த பள்ளிப் பிள்ளைகளைத் தனியாக அழைத்துச் சில வார்த்தை சொன்னார்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1986 மார்ச்சில் புளோரிடாவைச் சேர்ந்த டாம் லூயிஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர், மாற்று ஓடம் கட்டினால் அதற்கு மாணவர்களே பெயர் வைக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஓடம் கட்டப்படுமா என்றே அப்போது தெரியாது. 1987-இல் நாடாளுமன்றம் இதற்கு ஒப்புதல் கொடுத்தது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான். ஒரு பயங்கரத்தைப் பார்த்துவிட்ட பிள்ளைகளிடம் பெரியவர்கள் வழக்கமாகச் செய்வது, அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது. இங்கே அப்படி விடவில்லை. அடுத்த ஓடம் உங்களுடையதும்தான், வாருங்கள், வேலை இருக்கிறது என்று கூப்பிட்டார்கள். ஆறுதல் சொல்வதைவிட அது பெரிய காரியம்.

போட்டி எப்படி நடந்தது? தோன்றிய பெயரை எழுதிப் போட்டால் போதுமா?

போதாது. அதுதான் இந்தப் போட்டியின் சிறப்பு. மாணவர்கள் குழுவாகச் சேர வேண்டும், ஒரு ஆசிரியர் வழிநடத்த வேண்டும். பெயர், ஆய்வுக்கோ புதிய இடங்களைத் தேடியோ போன ஒரு கடற்கப்பலின் பெயராக இருக்க வேண்டும். விண்கலத்துக்குப் பொருந்த வேண்டும், அமெரிக்க விண்வெளிப் பயணத்தின் நோக்கத்தை உணர்த்த வேண்டும். அப்புறம், வானொலித் தொடர்பில் பேசும்போது எளிதாகச் சொல்ல வரவேண்டும். கடைசி விதி சின்னதாகத் தெரியலாம். இரைச்சலுக்கு நடுவே அவசரமாகக் கூப்பிட வேண்டிய பெயரில் குழப்பம் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் அதன் அருமை புரியும்.

பெயரோடு நிற்காமல், அந்தக் கப்பலைப் பற்றி ஆராய்ந்து, ஏன் இந்தப் பெயர் என்று விளக்கும் செயல்திட்டம் ஒன்றையும் செய்து அனுப்ப வேண்டும். ஆக, பெயர் தேடிய பிள்ளைகள் வரலாறு, புவியியல், வானியல் எல்லாவற்றையும் புரட்டியாக வேண்டியிருந்தது. மெக்காலிஃப் நடத்த முடியாமல் போன பாடம் வேறு வடிவில் நாடெங்கும் நடந்தது என்று சொன்னால் மிகையில்லை.

மழலையர் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரை ஒரு பிரிவு, ஏழு முதல் பன்னிரண்டு வரை இன்னொரு பிரிவு. 71,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் கலந்துகொண்டு, 6,154 குழுக்களாகப் பெயர் அனுப்பினார்கள். மாநில அளவில் முதலில் தேர்வு, பிறகு தேசிய அளவில்.

யார் ஜெயித்தார்கள்?

சின்ன வகுப்புகளில் மிசிசிப்பி மாநிலத்தின் செனடோபியா நடுநிலைப் பள்ளி. பெரிய வகுப்புகளில் ஜார்ஜியா மாநிலத்தின் டல்லூலா ஃபால்ஸ் பள்ளி. இரண்டு குழுக்களும் சொன்ன பெயர் என்டெவர். மாநில அளவில் வென்ற பெயர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும் அதுவே. ரெசொல்யூஷன், கலிப்சோ, நாட்டிலஸ் போன்ற பெயர்களும் வந்திருந்தன. 1989 மே மாதம் அதிபர் ஜார்ஜ் புஷ் (மூத்தவர்) பெயரை அறிவித்தார்.

இரண்டு பள்ளிகளும் பெரிய நகரத்துப் பள்ளிகள் அல்ல என்பதைக் குறிப்பிட்டுச் சொல்லத் தோன்றுகிறது. சிற்றூர்ப் பிள்ளைகள் வைத்த பெயரோடுதான் அந்த ஓடம் 19 வருடம் பறந்தது.

என்டெவர் என்ற கப்பல் யாருடையது?

ஜேம்ஸ் குக் ஓட்டிய கப்பல். 1764-இல் இங்கிலாந்தின் விட்பி துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றுவதற்காகக் கட்டப்பட்டது. அடிப்பகுதி தட்டையாக, உறுதியாக இருந்ததால் ஆழமில்லாத கரைகளிலும் போகும் என்று கடற்படை வாங்கிக்கொண்டது. 1768-இல் கிளம்பியது. முதல் வேலை வானியல்: 1769 ஜூன் 3 அன்று சூரியனுக்குக் குறுக்கே வெள்ளிக் கோள் கடப்பதைத் தஹிட்டி தீவிலிருந்து அளக்க வேண்டும். உலகின் பல மூலைகளில் எடுத்த அளவுகளைச் சேர்த்தால் பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிடலாம். விண்ணைப் பார்க்கக் கடல் கடந்து போன கப்பல் என்பதால்தான் இத்தனை பிள்ளைகள் இதைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். இதைவிடப் பொருத்தமான கப்பல் எனக்குத் தெரியவில்லை.

அதே பயணத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 1769 அக்டோபரில் நியூசிலாந்தில் இறங்கியபோது நடந்த மோதல்களில் மாவோரி மக்கள் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1770-இல் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையைக் குக் பிரிட்டிஷ் மன்னருக்கு உரியதாக அறிவித்தார். அங்கே பல்லாயிரம் வருடங்களாக வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை. காலனி ஆட்சிக்கு உட்பட்டிருந்த நாம் இதைச் சொல்லாமல் விட முடியாது. 1989-இல் இந்தக் கோணம் பெரிதாகப் பேசப்படவில்லை. இன்று அதே போட்டி நடந்தால், செயல்திட்டத்தில் பிள்ளைகள் இதையும் எழுதியிருப்பார்கள், எழுதவும் வேண்டும்.

கப்பலின் முடிவு வியப்பானது. பெயர் மாற்றப்பட்டு, அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் படைக்கு உதவியாக வந்து, 1778-இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் நியூபோர்ட் துறைமுகத்தில் எதிரிக் கப்பல்கள் நுழையாதபடி வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்டது. அமெரிக்காவை எதிர்த்த கப்பலின் பெயரை அமெரிக்கப் பிள்ளைகள் தங்கள் ஓடத்துக்கு வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பெயரை விண்வெளியில் முதலில் வைத்தது இவர்கள்தானா?

இல்லை. 1971-இல் நிலவுக்குப் போன அப்போலோ 15-இன் கட்டளைக் கலத்துக்கும் இதே பெயர்தான். பிறகு 2020-இல் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் டிராகன் கலத்தில் போன பாப் பெங்கனும் டக் ஹர்லியும் தங்கள் கலத்துக்கு அதையே வைத்தார்கள். இருவருமே முதன்முதலில் விண்வெளிக்குப் போனது என்டெவர் ஓடத்தில்.

பெயரில் எழுத்துப் பிழை நடந்ததாமே?

ஆமாம். குக்கின் கப்பல் என்பதால் பிரிட்டிஷ் முறையில்தான் எழுத வேண்டும். அமெரிக்கர்கள் அதில் 'u' என்ற ஓர் எழுத்தைக் குறைத்து எழுதுவார்கள். 2007-இல் ஏவுதளத்தில் கட்டிய வாழ்த்துப் பதாகையிலேயே அந்த எழுத்து விட்டுப்போய், பிறகு மாற்றினார்கள்.

பெயருக்கேற்றபடி அந்த ஓடம் ஏதாவது செய்ததா?

நிறைய. 1992 மே மாதம் முதல் பயணத்திலேயே, தவறான சுற்றுப்பாதையில் மாட்டிக்கொண்டிருந்த இன்டெல்சாட் செயற்கைக்கோளைப் பிடிக்க வேண்டும். அதற்கென்று செய்த கருவி ஒத்துழைக்கவில்லை. கடைசியில் மூன்று பேர் ஒரே நேரத்தில் வெளியே போய்க் கையாலேயே பிடித்தார்கள். மூவர் சேர்ந்து விண்நடை போனது அதுவே முதல் முறை. அதே வருடம் செப்டம்பரில் மே ஜெமிசன் அதில் போனார், விண்வெளிக்குப் போன முதல் கறுப்பினப் பெண் அவர். 1993 டிசம்பரில் ஹபிள் தொலைநோக்கியின் பார்வைக் குறையைச் சரிசெய்தார்கள். 1998-இல் சர்வதேச விண்வெளி நிலையத்தின் முதல் அமெரிக்கப் பகுதியைக் கொண்டுபோய் ரஷ்யப் பகுதியோடு இணைத்தார்கள்.

ஆனால் 2007 ஆகஸ்ட் பயணத்தைத்தான் நான் முதலில் சொல்வேன். மெக்காலிஃபுக்கு மாற்றாகத் தேர்வாகி, அவரோடு சேர்ந்தே பயிற்சி எடுத்தவர் பார்பரா மார்கன், ஐடஹோ மாநிலத்துப் பள்ளி ஆசிரியை. விபத்துக்குப் பிறகு வகுப்புக்குத் திரும்பினார். 1998-இல் முழுநேர விண்வெளி வீரராகச் சேர்ந்தார். விபத்து நடந்து 21 வருடம் கழித்து அவர் விண்வெளிக்குப் போனது என்டெவரில்! பிள்ளைகள் பெயர் வைத்த ஓடத்தில் ஓர் ஆசிரியை போய், அங்கிருந்து பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். சேலஞ்சருக்கு இதைவிடப் பெரிய நினைவுச்சின்னம் இருக்க முடியாது.

கொலம்பியா விபத்துக்குப் பிறகும் இப்படிப் போட்டி நடந்ததா?

இல்லை. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா திரும்பி வரும்போது சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். ஏவும்போது உடைந்து விழுந்த நுரைத் துண்டு இடச் சிறகைத் துளைத்திருந்தது. இந்த முறை மாற்று ஓடம் கட்டவில்லை. விண்வெளி நிலையத்தைக் கட்டி முடித்ததும் ஓடங்களையே நிறுத்திவிடுவது என்று 2004-இல் முடிவெடுத்தார்கள்.

இந்தியா வேறு வழியில் பெயர் வைத்தது. 2002 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட மெட்சாட்-1 என்ற வானிலைச் செயற்கைக்கோளுக்கு, விபத்து நடந்து நான்கே நாளில் கல்பனா-1 என்று பிரதமர் வாஜ்பாய் பெயர் மாற்றினார். 2020-இல் விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு கொண்டுபோன சிக்னஸ் கலம் ஒன்றுக்கும் கல்பனா சாவ்லாவின் பெயர் வைக்கப்பட்டது.

அப்போலோ 1 என்பது ஒரு பயணமே இல்லையே, பிறகு எப்படி அந்தப் பெயர்?

1967 ஜனவரி 27 அன்று ஏவுதளத்தில் ஒத்திகை நடந்தபோது தீப்பிடித்து கஸ் கிரிசம், எட் ஒயிட், ரோஜர் சாஃபி மூவரும் இறந்தார்கள். ஆவணங்களில் அந்தப் பயணத்துக்கு இருந்தது வெறும் எண்தான். வீரர்கள் மட்டும் தங்கள் சின்னத்தில் அப்போலோ 1 என்று போட்டிருந்தார்கள். அவர்களுடைய மனைவியர், தங்கள் கணவர்கள் போகாமலே போன அந்தப் பயணத்துக்கே அந்தப் பெயர் இருக்கட்டும் என்று கேட்டார்கள். நாசா ஒப்புக்கொண்டது. அடுத்துப் பறந்தது, ஆளில்லாத அப்போலோ 4.

ரஷ்யர்கள் என்ன செய்தார்கள்?

சோயுஸ் 1 விபத்தில் 1967-இல் கோமரோவ் இறந்தார். 1971-இல் சோயுஸ் 11-இல் மூவர் இறந்தார்கள். சோயுஸ் என்பது ஒரு வகைக் கலத்தின் பொதுப்பெயர், ஒவ்வொரு பயணத்துக்கும் புதிய கலம். அதனால் வடிவமைப்பைத் திருத்திவிட்டு அதே பெயரில் தொடர்ந்தார்கள். இன்றும் பறக்கிறது.

தனியார் நிறுவனங்களில்?

வெர்ஜின் கேலக்டிக்கின் என்டர்பிரைஸ் என்ற கலம் 2014 அக்டோபர் 31 அன்று கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் சோதனையின்போது உடைந்து, துணை விமானி மைக்கேல் ஆல்ஸ்பரி இறந்தார். அடுத்த கலத்துக்கு யூனிட்டி என்று பெயர் வைத்து, 2016 பிப்ரவரியில் அறிமுகப்படுத்தினார்கள். ஸ்டீபன் ஹாக்கிங் அதற்காகப் பேசிய பதிவை அங்கே ஒலிபரப்பினார்கள்.

அப்படியானால் சந்திரயான்-3-க்கு மட்டும் ஏன் பழைய பெயரே?

2019-இல் நிலவில் மோதிய தரையிறங்கி விக்ரம். 2023 ஆகஸ்ட் 23 அன்று பத்திரமாக இறங்கியதும் விக்ரம். விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த அந்த வெற்றியை நாம் எல்லோரும் பார்த்தோம். இதைச் சேலஞ்சரோடு ஒப்பிட முடியாது. முதல் விக்ரமில் உயிர் எதுவும் போகவில்லை. அந்தப் பெயரும் இந்திய விண்வெளித் திட்டத்தைத் தொடங்கிய விக்ரம் சாராபாயுடையது, விழுந்த இயந்திரத்துடையது அல்ல. இயந்திரம் மட்டும் தோற்ற இடத்தில் அதே பெயரோடு மறுபடி முயல்வதில் தப்பில்லை.

என்டெவரை இப்போது பார்க்க முடியுமா?

2011-இல் 25-வது பயணத்தோடு ஓய்வு பெற்று, லாஸ் ஏஞ்சலஸில் கலிபோர்னியா அறிவியல் மையத்துக்குப் போனது. 2024 ஜனவரியில் அதைத் தூக்கி, ஏவுவதற்குத் தயாராக நிற்பதுபோல எரிபொருள் தொட்டியோடும் ராக்கெட்டுகளோடும் செங்குத்தாக நிறுத்திவிட்டு, அதைச் சுற்றிப் புதிய கட்டடம் எழுப்பும் வேலையைத் தொடர்ந்தார்கள். போகத் திட்டமிடுபவர்கள் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்வது நல்லது. சேலஞ்சரின் பக்கவாட்டுத் தகடு ஒன்று, அமெரிக்கக் கொடி வரைந்தது, புளோரிடாவில் கென்னடி விண்வெளி மையத்தின் பார்வையாளர் வளாகத்தில் 2015 முதல் இருக்கிறது. அதோடு கொலம்பியாவின் ஜன்னல் சட்டங்களும் 14 பேரின் உடைமைகள் சிலவும் உண்டு.